எப்ராயீமுக்கு வரவேண்டிய வெள்ளிக்கிழமை

கேட்ட ஜெபத்துக்கெல்லாம் இருபத்தோரு வருஷம் கழிச்சுப் பதில் வர ஆரம்பிச்சப்போ, எங்க கிருபாவிளைக்காரனுவ ஒருத்தனும் வாயப் பிளக்கல, முழங்காலும் போடல, ஏன் இவ்வளவு பிந்துச்சுன்னு கோயில் கமிட்டியில சண்டைதான் போட்டானுவ. அதுவும் ரேஷன் கடையில சீனி வரலைன்னா போடுத சண்டை மாதிரி, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, நாற்காலிய இழுத்துத் தள்ளிக்கிட்டு. நான் கோயிலுக்கு எதிர்த்தாப்புல மாவு மில் வச்சிருக்கேன். அரைச்சு முடியுத வரைக்கும் நிக்கிறவங்க வாயில வராத விஷயம் கிடையாது, அதனால இதெல்லாம் மாவோட சேர்ந்து என் தலையில வந்து விழுந்ததுதான்.

எங்க கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. வாய்க்குள்ள முனங்குற ஜெபம் இங்க செல்லாது. கேக்குறது என்னவோ அதை எந்திரிச்சு நின்னு எல்லார் காதிலயும் விழுத மாதிரிச் சொல்லணும், சபை மொத்தமும் ஆமென் போடணும். ஒருத்தி மனசுக்குள்ள வேண்டிக்கிட்டா, அவ பக்கத்து வீட்டுக்காரி மேல ஏதோ ஏவி விடுதான்னு பேச்சு வந்துரும். ஆகமொத்தம் யாரு என்னத்தக் கேட்டாங்கிறது ஊருக்கே மனப்பாடம். கேட்டவன் மறந்தாலும் பக்கத்துல உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு இருந்தவன் மறக்க மாட்டான்.

முதல்ல வந்தது ஆரோனுக்கு முடி. ஆரோன் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன், தலையில எண்ணெய் தேய்ச்சா வழிஞ்சு காதுக்குத்தான் போகும், அப்பேர்ப்பட்ட வழுக்கை. ஒருநாள் காலையில எந்திரிச்சா நெத்தியில சுருள் சுருளாக் கருத்த முடி வந்து விழுது. அவன் பொண்டாட்டி யாரோ வேத்தாளு கட்டில்ல படுத்திருக்கான்னு வெளக்குமாத்த எடுத்துட்டா. பொறவு உக்காந்து யோசிச்சதுல, வயசு பிந்திப் பொண்ணு பாக்கப் போனப்போ, முந்தின ஞாயித்துக்கிழமை கோயில்ல எந்திரிச்சு நின்னு முடி கேட்டது ஞாபகம் வந்துது. அந்தப் பொண்ணு வழுக்கைன்னு வேண்டாம்னுட்டா. இவ அந்த வழுக்கையைப் பாத்தே கட்டிக்கிட்டவ. எவளுக்காகவோ கேட்ட முடி என் தலையணையில எதுக்குன்னு அவனைச் சலூனுக்கு இழுத்துக்கிட்டுப் போனா, சிரைக்கச் சிரைக்க மறுநாளே வளந்து நின்னுது. இப்பவும் அவன் தலையில துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள நடமாடுதான்.

ரெண்டாவது வந்தது மழை. பஞ்ச வருஷத்துல சபை மொத்தமும் பட்டினி கிடந்து, தொண்டை வத்தக் கதறிக் கேட்ட மழை. அன்னைக்கு ஒரு தூத்தல்கூட விழல, ஆடு மாட்டையெல்லாம் வித்துப்போட்டுப் பாதி ஊரு பம்பாய்க்கு ரயிலேறிப் போச்சு. அந்த மழை இப்போ, பதநீர்க் காலத்துல, வீட்டுக்கு வீடு முத்தத்துல கருப்பட்டியைக் காய வச்சிருக்க நேரத்துல, சபை எல்லை எதுவரையோ அதுவரைக்கும் மட்டும் கோடு போட்டாப்புல வந்து கொட்டுச்சு. கருப்பட்டியெல்லாம் கரைஞ்சு தெருவோட ஓட, நாயெல்லாம் படுத்துக்கிட்டே நக்கிச்சு, பக்கத்து ஊர்க்காரன் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நனையாம நின்னு வேடிக்கை பாத்தான். பஞ்ச வருஷத்தை யாரும் மறக்கலைங்கிறதால அதை வச்சுத்தான் கணக்குப் போட்டாவ. கேட்டதுல இருந்து இருபத்தோரு வருஷம், அதே மாசம், அதே கிழமை, அதே நேரம்.

அதுக்குப் பொறவு வந்ததுல ஒண்ணுதான் எனக்கு இன்னும் நெஞ்சுல நிக்குது. மஞ்சக்காமாலையில செத்துப்போன லீதியாளுக்காகச் சபை அழுது கேட்ட சுகம் அன்னைக்கு வரல, இப்ப வந்துது. ஆளு இல்ல, குழியில எலும்பு மட்டும்தான். வந்த சுகம் போக இடமில்லாம சுவத்துல மாட்டியிருந்த போட்டோவுக்குப் போச்சு. சாகுததுக்குக் கொஞ்சம் முந்தி எடுத்த போட்டோ, ஒட்டின கன்னம், குழிஞ்ச கண்ணு. பாத்துக்கிட்டு இருக்கையில கன்னம் சதை வச்சுது, கண்ணு தெளிஞ்சுது, உதடுகூட லேசாச் சிரிச்சுது. அவ மகன், இப்ப அவனே ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், அந்தப் போட்டோ முன்னால தரையில உக்காந்து அழுத அழுகை என் மில்லுச் சத்தத்துக்கு மேல கேட்டுது. சபைச் செயலாளர் வேதமாணிக்கம் அந்த வீட்டுக்குப் போயி, "தம்பி, ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லணும், போட்டோவையும் கொண்டாந்துரு"ன்னாரு. அவன் கையில கிடைச்ச செம்பைத் தூக்கி எறிஞ்சான். நல்லா எறிஞ்சான், கூட ரெண்டு எறிஞ்சிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும்.

ஆனா நம்ம ஆளுங்களுக்கு எதையும் ஜீரணிக்கிற வயிறு ஒண்ணு இருக்குல்லா. டேனியல் ஐயர், எங்க பக்கம் சபைப் போதகரை ஐயர்ன்னுதான் சொல்லுவோம், வாரத்துக்கு வாரம் பொறுமையைப் பத்தியே பிரசங்கம் வச்சாரு; ஆண்டவருடைய வேளை வேற, நம்ம வேளை வேற, முற்பிதாக்களெல்லாம் இதைவிட அதிகமாக் காத்திருந்தாவ, நமக்குக் குறைச்சல்தான்னு சொல்லுவாரு, சொல்லிக்கிட்டே மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு, பன்னிரண்டரைக்கு அவருக்குச் சாப்பிடணும். பொறுமையைப் பத்திப் பேசினவன் எவனும் எதுக்கும் காத்துக்கிட்டு நிக்கிறவனா இல்ல. காத்துக்கிட்டு நின்னவனுக்குப் பேச வாயில்ல.

ஒரு வருஷத்துக்குள்ள ஊரு இதுக்குத் தக்கன தன்னை மாத்திக்கிட்டுது. இன்னைக்குக் காய்ச்சல்னா இன்னைக்கு ஜெபம் பண்ணிப் பிரயோஜனமில்லைன்னு ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காப் போனாவ, அந்த மட்டுக்கு நல்லதுதான். ஜெபமெல்லாம் இன்சூரன்ஸ் பாலிசி மாதிரி ஆயிப்போச்சு. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைய பெஞ்சு மேல ஏத்தி நிறுத்தி, "ஆண்டவரே, எனக்குச் சர்க்காரு வேலையும் மொட்டைமாடி வச்ச வீடும் தாரும்"ன்னு சொல்ல வச்சா ஒரு தாய்க்காரி. நாப்பது வயசுக்காரனுவ மூட்டுவலி வேண்டாம், கண்ணுல புரை வேண்டாம்னு கேட்டானுவ. எழுபது தாண்டினவங்க எதுவும் கேக்காம, கேட்டு வர்றப்ப யாரு வாங்குததுன்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாவ. பத்தாம் வகுப்புக் கணக்குல பாஸாகணும்னு கேட்டு பெயிலாப் போன ஆட்டோக்கார ஜெபசிங்குக்குத் திடீர்னு அல்ஜீப்ரா மொத்தமும் வந்து, சவாரி ஏத்துனவங்ககிட்டயெல்லாம் எக்ஸும் ஒய்யும் பேச, ஒருத்தரும் அவன் வண்டியில ஏறுததில்ல. பொறுமை, பொறுமைன்னு ஒரே பாட்டு, ஆனா ஒவ்வொருத்தனும் தான் எப்பவோ கேட்டது என்னைக்கு வருதுன்னு காலண்டரைச் சுரண்டிக்கிட்டே இருந்தான்.

வேதமாணிக்கத்துக்கு வர வேண்டியது கூடப்பிறந்த தம்பி மேல போட்ட நிலக் கேசு, வர்ற ஐப்பசியில ஜெயிக்கணும். ரூபவதி டீச்சருக்கு, மாதர் சங்கத் தலைவி அவங்க, மகளுக்கு ஃபாரின் மாப்பிள்ளை வர வேண்டியிருக்கு. மக உள்ளூர்லயே ஒருத்தனைக் கட்டிக்கிட்டு ரெண்டு பெத்து வளத்துட்டா, அதனால என்ன, வரட்டும்னு டீச்சர் விருந்துத் தட்டெல்லாம் வாங்கி அடுக்கி வச்சிருந்தா.

அப்படி இருக்கையில பால்ராஜோட முருங்கை பட்டுப்போச்சு. அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, அந்த முருங்கை தன் கூரை மேல சாயுதுன்னு, அது பட்டுப்போகணும்னு அந்தக் காலத்துல கேட்டிருந்தா; இப்ப இருக்கது அந்த மரத்தோட கன்னு, அதுக்கு ஒண்ணும் தெரியாது பாவம், அதுவும் கருகிப் போச்சு. அன்னைக்குத்தான் ஊருக்கு உறைச்சுது, நல்லதைக் கேட்டது மட்டும் வரல, வயித்தெரிச்சல்ல கேட்டதும் வந்துக்கிட்டு இருக்குன்னு. மில்லு வாசல்ல அரிசிப் பெட்டிய வச்சுக்கிட்டு நின்ன பொம்பளைங்க ஒவ்வொருத்தியும் யாரு யாருக்குச் சாபம் விட்டாங்கிறதைத் தோண்டி எடுத்தாளுவ, அப்படித் தோண்டையிலதான் ரூபவதி டீச்சர், "ஞானப்பூ கேட்டதை யாரும் மறந்துட்டியளா?"ன்னு மெதுவாக் கேட்டா. யாரும் மறக்கல. ஒருத்தியால முகத்துல சந்தோஷத்தை அடக்க முடியல, நான் பாத்தேன்.

ஞானப்பூ எங்க தெருக் கடைசி வீடு. அவ புருஷன் எப்ராயீம் அந்தக் காலத்துல குடிச்சா மனுஷன் இல்ல. அடிப்பான், கதவை உடைப்பான், தூங்குத பிள்ளைய உலுக்கி எழுப்பி, அப்பனைப் பாரு, அப்பனைப் பாருன்னு கத்துவான். பஞ்சத்துக்கு மறு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, மாதர் சங்கத்து உபவாசக் கூட்டத்துக்கு அவ ஒரு கண்ணு வீங்கி மூடியிருக்க வந்தா, எந்திரிச்சு நின்னா, "ஆண்டவரே, இந்த மனுஷனை எடுத்துக்கிடும், என் பிள்ளை தூங்கணும்"னு கேட்டா. கூட்டம் மொத்தமும் ஆமென் போட்டுது. ரூபவதி டீச்சர் போட்ட ஆமென் ரோடு வரைக்கும் கேட்டுதுன்னு சொல்லுவாவ.

ஆனா எப்ராயீம் சாகல. அதுக்குக் கொஞ்ச நாள்ல குடியை நிறுத்தினான். ஏன் நிறுத்தினான்னு அவனும் சொன்னதில்ல, கனவுல யாரும் வந்ததாவும் தெரியல. ஒரு நாள் கடைக்குப் போகல, மறுநாளும் போகல, அப்படியே போச்சு. உடைச்ச கதவை அவனே செஞ்சு மாட்டினான், வாழைத்தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போனான், மகளை நர்சுக்குப் படிக்க வச்சுப் பம்பாய்க்கு அனுப்பினான். ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஞானப்பூவுக்குத் தோள்பட்டை இறுகி வலது கை மேல தூக்க வரல. அன்னையில இருந்து அவ தலைக்கு எண்ணெய் வச்சு, சீவி, சிக்கெடுத்து, கொண்டை போட்டு விடுதது அவன்தான். வாசல்ல பெஞ்சியில அவளை உக்கார வச்சு, பின்னால நின்னுக்கிட்டு, ஹேர்பின்னை வாயில கடிச்சுக்கிட்டு அவன் சீவுததைப் பாத்து ஊருல சிரிக்காதவன் இல்ல. எனக்குச் சிரிப்பு வந்ததில்ல, என் வீட்டுல எனக்கு யாரும் அப்படி இல்லையேன்னு வயிறுதான் எரிஞ்சிருக்கு.

அவ கேட்டதுக்கு இருபத்தோரு வருஷம் முடியுத அந்த வெள்ளிக்கிழமை வர்றதுக்கு ரெண்டு மாசம் இருந்துது. ஊரு அவங்க வீட்டுப் பக்கம் திரும்பிச்சு. சவப்பெட்டி செய்யுத ஆசாரி பேச்சு வாக்குல எப்ராயீம் தோளை ஜாண் போட்டுப் பாத்தான். கமிட்டி கூடி, வேப்பமர நிழல்ல ஒரு குழியை அவனுக்கு ஒதுக்கி, அதைப் பெரிய உபகாரம் மாதிரி வேதமாணிக்கமே நேர்ல போயிச் சொல்லிட்டு வந்தாரு. பாட்டுக் குழுக்காரனுவ உனக்குப் பிடிச்ச பாட்டு என்னண்ணேன்னு கேட்டானுவ. பொம்பளைங்க சீப்புச் சீப்பா வாழைப்பழம் கொண்டாந்து, ஞானப்பூ கையைப் பிடிச்சுக்கிட்டு, "பொறுமையா இரு, அவர் வேளை தப்பாது"ன்னாளுவ. அந்தப் பொறுமையைக் கேட்டு அவ யார்கிட்டயும் போகல, வீடு தேடி வந்து வாயில திணிச்சாளுவ.

அவ ஐயர்கிட்டப் போனா. போன கதையை அவளே மில்லுல வச்சு எங்கிட்டச் சொன்னா.

"ஐயரே, அன்னைக்குக் கேட்டது எனக்கு வேண்டாம், திருப்பி எடுத்துக்கிடச் சொல்லி ஜெபம் பண்ணுங்கன்னேன் அண்ணாச்சி."

"என்ன சொன்னாரு?"

"பண்ணலாம் தாயி, ஆனா அது போயிச் சேர இருபத்தோரு வருஷம் ஆகுமே, இது இந்தா வந்து நிக்குதேன்னாவ. ஆண்டவர் சித்தத்துக்கு ஒப்புக்குடுத்துருங்கன்னாவ. ஒப்புக்குடுக்கது அவங்க வீட்டு ஆளா என் வீட்டு ஆளா?"

மெஷினை நிறுத்திட்டு நின்னேன்.

"அந்த வீங்கின கண்ணோட கேட்டவ நான்தான், இல்லைங்கல," ன்னா அவ. "ஆனா கேட்டதைக் கேட்டபடிக்கே குடுக்கதுக்கு அவரு என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்காரு? வேண்டாததைக் குடுக்காம இருக்கவும் அவருக்குத் தெரியணும்லா. தெரியும்னு நம்புதேன். நம்புதேன், ஆனா பயமா இருக்கு அண்ணாச்சி. ராத்திரி என் வீட்டுக்காரரு மூச்சு விடுதாரான்னு மூக்குல கை வச்சுப் பாக்கேன்."

இப்படிச் சொல்லிட்டு, மாவுல கை வச்சுச் சூடு பாத்துட்டு, பெட்டிய இடது கையால தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டுப் போனா. இந்த ஊருல விசுவாசம்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சு வாயைத் திறந்து பேசினது அவ ஒருத்திதான், அதுவும் பிரசங்கமேடையில இல்ல.

எப்ராயீமுக்கும் எல்லாம் தெரியும். ஆசாரி ஜாண் போட்டப்பவே தெரியும். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் நான் அரைச்ச மிளகாப்பொடியைக் குடுக்க அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன், அப்ப அவளுக்குச் சிக்கெடுத்துக்கிட்டு இருந்தான். என்னை உக்காரச் சொல்லிட்டு அவங்க பேச்சை நிறுத்தல, நான் இருக்கதை ஒரு பொருட்டா எடுக்காத அளவுக்கு நான் அந்த வீட்டுக்குப் பழக்கம்.

"உங்க சாவை நான் வாயால கேட்டேன்ங்க," ன்னா அவ, அழுதுக்கிட்டு.

"கேக்காம என்ன செய்வ? நான் உன் இடத்துல இருந்தா அதுக்கு முந்தின வருஷமே கேட்டிருப்பேன்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"ஏட்டி, நான் சொல்லுததைக் கேளு. நீ கேட்ட அன்னைக்கே ஆண்டவரு குடுத்திருந்தா நான் எப்படிச் செத்திருப்பேன்? சாராய வாடையோட, நீ காறித் துப்பச் செத்திருப்பேன். உன் கண்ணு வீக்கம் வத்துததுக்கு முந்தி என்னைப் புதைச்சிருப்பாவ, உனக்கும் நிம்மதியாத்தான் இருந்திருக்கும். அவரு தாமதிச்சாரு. அந்தத் தாமதத்துலதான் நான் மனுஷனா இருந்தேன். மக கல்யாணத்தைப் பாத்தேன், உனக்குத் தலை சீவினேன். நாளைக்கு வந்தா வரட்டும், பிந்தி வந்ததுக்கு நான் அவருக்கு ஸ்தோத்திரம்தான் சொல்லுவேன். தலையை ஆட்டாத, பின்னு குத்தும்."

எனக்கு அங்க உக்கார முடியல. பொடிப் பொட்டலத்தை வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையிலயே அவங்க முத்தத்துல பந்தல் போட்டாச்சு, யாரும் அவங்ககிட்டக் கேக்கல. வாடகை நாற்காலி வந்துது, மோர்ப் பானை வந்துது, ஐயர் அங்கியோட வந்தாரு, பாட்டுக் குழு ஆர்மோனியத்தோட வந்துது. பக்கத்து ஊர்ல இருந்துகூட ஆள் வந்து பின்னால நின்னுது. எப்ராயீம் குளிச்சு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை போட்டு, நடுவுல கிடந்த நாற்காலியில உக்காந்து மடியில முறத்தை வச்சு நிலக்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தான். ஞானப்பூ அவன் காலடியில உக்காந்து அவன் வேட்டி நுனியை இறுக்கிப் பிடிச்சிருந்தா. அவ அன்னைக்குக் கேட்ட நேரம் மதியம் மூணு மணி. ரெண்டரைக்கே கூட்டம் பேச்சை நிறுத்திட்டுது, அந்த மனுஷன் கடலை உடைக்க சத்தம் மட்டும் கேட்டுது.

மூணு அடிச்சுது. எப்ராயீம் தும்மினான். கூட்டம் மொத்தமும் எந்திரிச்சு நின்னுது, பாட்டுக் குழு பரலோகப் பாட்டை எடுத்துட்டுது, ஞானப்பூ அவன் முழங்காலைக் கட்டிப் பிடிச்சா. அவன் மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "கடலைத் தூசி," ன்னான். பாட்டு ரெண்டாவது சரணத்துல நின்னுது.

மூணரை ஆச்சு, நாலு ஆச்சு. கம்பவுண்டர் ஒருத்தர் வந்து நாடி பிடிச்சுப் பாத்து நல்லா இருக்குன்னு வருத்தமாச் சொன்னாரு. மோர் தீந்துது. வெளியூர்க்காரன் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பினான். அஞ்சு மணிக்கு ரூபவதி டீச்சர் பொறுக்க மாட்டாம ஞானப்பூ முன்னால வந்து நின்னு, "அன்னைக்கு நீ உண்மையாத்தான் கேட்டியா, இல்ல சும்மா வாயளவுலயா?"ன்னு கேட்டா.

"உண்மையாத்தான் கேட்டேன் டீச்சர்."

"பொறவு ஏன் வரல?"

"ஆண்டவருக்கு மனசு வரலையோ என்னவோ," ன்னா ஞானப்பூ. அவளுக்கு ஒரே நேரத்துல அழுகையும் சிரிப்பும் வந்துது, ரெண்டையும் மறைக்கல.

இருட்டுததுக்கு முந்தி பந்தலைப் பிரிச்சாச்சு. கொண்டாந்த வாழைப்பழத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போனவளும் உண்டு, பேரு சொல்லல. ஒரு மனுஷன் உசிரோட இருக்கான்னு ஒரு ஊரே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனதை நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். தெரு முனையில போறப்ப எவனோ, நம்மள ஏமாத்திட்டான்னுகூடச் சொன்னான்.

அதோட விட்டானுவளா? விடல. கேட்ட எத்தனையோ இதுக்கு முந்தியும் வராமப் போயிருக்கு, ஆனா வந்ததை மட்டும் எல்லாரும் எண்ணிக்கிட்டு இருந்ததால வராததை யாரும் கவனிக்கல. இது பந்தல் போட்டு, ஊர் கூடி, கண்ணு முன்னால வராமப் போச்சு. வேதமாணிக்கத்துக்கு ராத்தூக்கம் போச்சு. இது வரலைன்னா ஐப்பசிக் கேசு வருமா? ரூபவதி டீச்சருக்கு ஃபாரின் மாப்பிள்ளை வருவானா? சனிக்கிழமை கமிட்டி கூடினாவ, அவசரக் கூட்டம், கேசரி காபியோட. கூடி முடிவெடுத்தாவ, என்ன முடிவு தெரியுமா, ஆண்டவருடைய நாமத்துக்கு நிந்தை வரக்கூடாது, ஆகையினால எப்ராயீமைச் சீக்கிரமா எடுத்துக்கிடச் சொல்லிச் சபையாச் சேர்ந்து மறுபடியும் ஜெபிக்கணும், ஞாயித்துக்கிழமை, மெயின் ஆராதனையில. ஒருத்தன், ஒரே ஒருத்தன் எந்திரிச்சு, இது என்னய்யா அநியாயம்னு கேக்கல. கேசரி நல்லாருக்குன்னு சொன்னது மட்டும் எனக்கு மில்லுல கேட்டுது.

ஞாயித்துக்கிழமை நான் போனேன். எப்ராயீம் ஆம்பிளைங்க பக்கம் முன்னால இருந்து மூணாவது பெஞ்சில, சவரம் பண்ணி, படிய வாரிக்கிட்டு உக்காந்திருந்தான். ஐயர் பொறுமையைப் பத்திப் பிரசங்கம் முடிச்சுட்டு, அவன் முகத்தைப் பாக்காம, மேற்கூரையைப் பாத்துக்கிட்டு, "நம்முடைய சகோதரி ஞானப்பூவின் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, அது நிறைவேறும்படி சபையாக மன்றாடுவோம்"ன்னாரு. நானூறு பேரு எந்திரிச்சு நின்னு, அந்த மனுஷன் அங்கேயே உக்காந்திருக்க, அவனை எடுத்துக்கிடும், தாமதம் பண்ணாதேயும்னு தொண்டை கிழியக் கதறினாவ. ரூபவதி டீச்சருக்குக் கண்ணுல தண்ணி. பொறுமையைக் கத்துக்கிட்ட சபை இதுதான்.

கடைசியில ஐயர், "சகோதரி, நீங்க முடிச்சு வையுங்க"ன்னாரு.

ஞானப்பூ எந்திரிச்சா. முக்காட்டைச் சரி பண்ணினா. நான் கண்ணை மூடிக்கிட்டேன், இப்ப இவ கத்தப்போறா, இல்ல மண்ணை வாரித் தூத்தப்போறா, தூத்தட்டும்னு நினைச்சேன். அவ கத்தல.

"ஆண்டவரே," ன்னா, கோயில் முழுக்கக் கேக்க மாதிரி, நிதானமா, "இன்னைக்கு என் சபையார் எல்லாரும் ஒருமனமா என் வீட்டுக்காரருக்காக ஒண்ணு கேட்டிருக்காவ. இந்த ஜெபத்தையும் மத்த எல்லா ஜெபத்தையும் போலவே, உம்முடைய வேளையிலேயே கேட்டருளும். ஆமென்."

நானூறு பேரும் ஆமென் போட்டாவ. அதுல எப்ராயீம் குரலும் இருந்துது. அவன் தலையைக் கவுத்துக்கிட்டான், தோள் ரெண்டும் குலுங்குச்சு. பின்னால இருந்தவன் பாவம் அழுதான்னு முதுகைத் தட்டிக் குடுத்தான். அவன் அழல, பக்கவாட்டுல இருந்த எனக்கு அவன் முகம் தெரிஞ்சுது. எனக்கும் அப்பத்தான் கணக்கு ஓடுச்சு. இன்னைக்குக் கேட்டது வந்து சேர இன்னும் இருபத்தோரு வருஷம். அவனுக்கு இப்பவே எழுபது. இது அவன் ஆயுசுக்கு யாரும் போட்டுக் குடுத்த கையெழுத்தான்னு எனக்குத் தெரியாது, நாளைக்கே காய்ச்சல்ல போனாலும் போவான், என்னை மாதிரி, உங்களை மாதிரி. ஆனா இந்த முட்டாப்பய சபைக்கு அந்தக் கணக்கு யாருக்கும் ஓடல, அவனவனுக்கு ஐப்பசி வந்தாப் போதும்.

ஆராதனை முடிஞ்சு வாசல்ல ரூபவதி டீச்சர் ஞானப்பூவைக் கட்டிப் பிடிச்சு, கன்னத்துல முத்தம் குடுத்து, "இப்பத்தான் உனக்கு விசுவாசம் வந்திருக்கு. அவர் வேளை தப்பாது. பொறுமையா மட்டும் இரு"ன்னா.

"இருக்கேன் டீச்சர்," ன்னா ஞானப்பூ. "நீங்க கவலைப்படாதீங்க. எத்தனை வருஷம் ஆனாலும் நாங்க ரெண்டு பேரும் காத்திருக்கோம்."